சிங்கப்பூர்ச் சாலையில் ஜோடியாகச் சைக்கிள் ஓட்டுவது எப்படி: ஒரு பழைய பஸ் ஓட்டுநர் சொல்வது

சிங்கப்பூர்ச் சாலையில் இரண்டு சைக்கிள் பக்கத்துப் பக்கத்தில் போகலாமா? போகலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எல்லாச் சாலையிலும் கொடுக்கவில்லை, எல்லா நேரத்திலும் கொடுக்கவில்லை, எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து போகலாம் என்றும் விடவில்லை. காரில் இருப்பவர் "ரெண்டு பேரு சேர்ந்து போறதே தப்பு" என்று ஹார்ன் அடிக்கிறார். சைக்கிளில் இருப்பவர் "எங்களுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லி ஒற்றைத் தடச் சாலையிலும் விலக மாட்டேன் என்கிறார். இருவர் கையிலும் இருப்பது பாதிச் சட்டம்தான்.

நான் இந்த ஊரில் பல வருஷம் பஸ் ஓட்டியவன். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசூனிலிருந்து ஒரு சின்னக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புகிறேன். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நான் அங்கிள். சென்னை, கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே ரோடு பைக் வாங்கியவர்களுக்கு அண்ணன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் கிளம்புவதற்கு முன்னால் சொல்வதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

ஒரே திசையில் குறைந்தது இரண்டு தடம் உள்ள சாலையில் இருவர் இணையாகப் போகலாம். மூன்று பேர் இணையாகப் போவது எங்கேயும் கூடாது. போகும் பக்கத்தில் ஒரே ஒரு தடம்தான் என்றால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். இடதுபுறத் தடம் பஸ் தடமாக இருந்து, அது நடப்பில் உள்ள நேரமாகவும் இருந்தால், சாலை எத்தனை அகலமாக இருந்தாலும் ஒற்றை வரிசைதான். ஜோடியோ ஒற்றையோ, சாலையின் இடது ஓரத்தை ஒட்டி, பின்னால் வருபவர் பத்திரமாக முந்தும்படி ஓட்ட வேண்டும்.

கூட்டத்தின் அளவுக்கு 2022 ஜனவரி 1 முதல் ஒரு வரம்பு இருக்கிறது. அதை ஆள் கணக்காக மனப்பாடம் செய்யாதீர்கள், நீளக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் போகக்கூடாது. அதாவது ஒற்றை வரிசையில் 5 பேர், ஜோடி வரிசையில் 10 பேர். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவே இரண்டு விளக்குக்கம்ப இடைவெளி, ஏறக்குறைய 30 மீட்டர், விடச் சொல்கிறார்கள். இதில் நீள வரம்பு விதி, 30 மீட்டர் அறிவுரை. என் கூட்டத்தில் இரண்டுக்கும் ஒரே மரியாதை.

மீறிப் பிடிபட்டால் அபராதம் 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். முன்பு 75 ஆக இருந்தது. நீதிமன்றம் வரை போய்க் குற்றம் உறுதியானால் முதல் முறைக்கே 1,000 வெள்ளி வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது.

2021ல் சாலையில் சைக்கிள் கூட்டங்களைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. அரசு ஆலோசனைக் குழு ஒன்று அதை ஆராய்ந்த பிறகுதான் இந்த வரம்பு வந்தது. சைக்கிளுக்கும் நம்பர் பிளேட் வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும் என்று கார்க்காரர்கள் அப்போது குரல் கொடுத்தார்கள். குழு அதைப் பரிந்துரைக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சு வராத கோப்பிக் கடை இல்லை. அதை விடுங்கள்.

பஸ் இருக்கையிலிருந்து பார்த்தால்

ஜோடியாகப் போனால் பின்னால் வரும் வண்டிக்கு இடைஞ்சல்தானே என்று புதியவர்கள் கூச்சப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சைக்கிள் ஒன்றே முக்கால் மீட்டர் நீளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் ஐந்து வரிசைக்கு மொத்தம் 13 மீட்டர். சாதாரண ஒற்றை மாடி பஸ் 12 மீட்டர். ஆக, பத்துப் பேர் ஜோடியாகப் போகும் கூட்டம் ஒரு பஸ் நீளம்தான். அதே பத்துப் பேர் விதிப்படி ஒற்றை வரிசையில் போனால் ஐந்தைந்தாக இரண்டு குழு, நடுவே 30 மீட்டர். மொத்தம் 56 மீட்டர். நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், பஸ் 50ல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடிக் கூட்டத்தைத் தாண்ட பஸ்ஸுக்கு நாலு நொடிகூட ஆகாது. ஒற்றை வரிசை இரண்டையும் ஒரே மூச்சில் தாண்ட கிட்டத்தட்ட 10 நொடி ஆகும். அதற்குள் பஸ் 130 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். நடுவில் 30 மீட்டர் விடச் சொல்வது ஏன் என்பதும் இதில் புரியும். முதல் குழுவை முந்திய பஸ், அந்த இடைவெளியில் இடது பக்கம் வந்து மூச்சு விட்டுக்கொள்ளலாம். இடைவெளியை நீங்கள் சாப்பிட்டுவிட்டால் ஓட்டுநர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

அகலத்துக்கு வருவோம். முந்தும்போது சைக்கிளிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளிப் போக வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கான நெறிமுறை சொல்கிறது. ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரே ஒருவர் போகிறார். அவர் உடம்புக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிறகு ஒன்றரை மீட்டர். பிறகு பஸ்ஸின் அகலம் இரண்டரை. கூட்டினால் ஐந்து மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு தடம் ஏறக்குறைய மூன்று, மூன்றரை மீட்டர்தான். அப்படியென்றால் ஒருவர் போனாலும் இருவர் போனாலும் பஸ் பக்கத்துத் தடத்துக்குப் போய்த்தான் முந்தியாக வேண்டும். பக்கத்துத் தடம் இருக்கும்வரை ஜோடியாகப் போவதால் ஓட்டுநருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஒற்றைத் தடச் சாலையில் அந்தப் பக்கத்துத் தடம் எதிரே வருபவருடையது. அதனால்தான் அங்கே ஜோடி கூடாது.

இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. "பின்னால் வருபவருக்கு என்னை முந்த ஒரு தடம் இருக்கிறதா?" இருந்தால் ஜோடி, நடப்பில் உள்ள பஸ் தடத்தில் மட்டும் கிடையாது. இல்லையென்றால் ஒற்றை.

ஞாயிற்றுக்கிழமை ஏன்

பஸ் தட நேரம் தெரியாமல் ஜோடியாகப் போகாதீர்கள். மஞ்சள் கோடு போட்ட சாதாரணப் பஸ் தடம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் 9.30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் நடப்பில் இருக்கும். மஞ்சளோடு சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் அது முழுநாள் பஸ் தடம். திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் இரவு 11 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் இரண்டுக்குமே கிடையாது.

ஜோடியாகப் போகப் பழக ஞாயிறு காலைதான் தோதான நேரம் என்பது இதனால்தான். வார நாளில் வேலைக்குப் போகும்போது நண்பரோடு பேசிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் பல பெரிய சாலைகளில் அந்த நேரத்தில் ஒற்றை வரிசைதான். நடப்பில் உள்ள பஸ் தடத்தில் சைக்கிள் போவது தப்பில்லை. ஜோடியாகப் போவதுதான் தப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பஸ் தடத்துக்கு வெளியே வந்து இரண்டாவது தடத்தில் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் பஸ், வலது பக்கம் லாரி, நடுவில் இவர். தயவுசெய்து வேண்டாம்.

பத்துக்கு அனுமதி, எட்டுக்குத்தான் வசதி

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஜோடி வரிசையில் பத்துப் பேர் போகலாம் என்பது சரி. ஒற்றைத் தடச் சாலை வந்துவிட்டால்? பத்துப் பேரும் அப்படியே ஒற்றை வரிசைக்கு வந்தால் பத்து சைக்கிள் நீளம். வரம்பு ஐந்து. "சிங்கிள்!" என்று கத்தி எல்லோரும் ஒழுங்காக ஒதுங்கிய அந்த நொடியிலேயே கூட்டம் விதியை மீறிவிட்டது. ஒற்றை வரிசைக்கு வந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நிம்மதியாகப் போகிறவர்களே அதிகம்.

ஆகவே ஒதுங்குவதற்கு முன்னால் பிரிய வேண்டும். பத்துப் பேரை ஐந்தைந்தாகப் பிரித்தால் மூன்றாவது ஜோடியைப் பாதியாக வெட்ட வேண்டும். ஒருவர் முன்குழு, பக்கத்தில் இருப்பவர் பின்குழு. ஓடுகிற ஓட்டத்தில் இது எப்போதும் சிக்கலாகும். "நான் போகணுமா, நீ போறியா" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் இருப்பவர் பிரேக் பிடிப்பார். எட்டுப் பேர் என்றால் நாலு ஜோடி. முதல் இரண்டு ஜோடி ஒரு குழு, அடுத்த இரண்டு ஜோடி இன்னொரு குழு. யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. என் கூட்டத்தில் எட்டுக்கு மேல் ஆள் வந்தால் ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்து, இரண்டாவது குழுவை ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், புரோட்டா சாப்பிடும்போது எல்லாம் சரியாகிவிடும்.

எங்கே ஒற்றைத் தடம் வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். லிம் சூ காங் சாலையின் அகலமான பகுதியில் சுகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். நியோ தியூ சாலைக்குத் திரும்பினால் போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். பண்ணைகளுக்குப் போகிற லாரியும் அதே சாலையில்தான் வரும். இன்னொன்று பழைய அப்பர் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்த தடத்தின் ஒரு பகுதி அது. ஒருவழிச் சாலை, எதிரே யாரும் வர மாட்டார்கள், அதனால் ஜோடியாகப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2018ல் இரண்டு தடத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். ஒருவழியா இருவழியா என்பது கேள்வியே இல்லை, உங்கள் பக்கத்தில் எத்தனை தடம் என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன முந்தும் கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள், அதே பதில் வரும்.

ஜோடியிலிருந்து ஒற்றைக்கு

ஜோடியாகப் போவது யாருக்கும் வரும். அதைக் கலைக்கத் தெரிவதுதான் வித்தை. காலியான ஒரு சாலையில் இதைத் தனியாகப் பழகிவிட்டு வாருங்கள்.

முதல் வேலை பிரிவது. முன்னால் இருப்பவர் "ஸ்ப்ளிட்" என்று குரல் கொடுக்கிறார், பின்னால் வருபவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். மூன்றாவது ஜோடி பெடல் அழுத்தத்தைக் குறைக்கிறது. பிரேக் தொடக்கூடாது. முன்குழு 25ல் போக, பின்குழு 20க்கு இறங்கினால் 30 மீட்டர் இடைவெளி விழ 20 நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அதற்குள் முன்குழு 150 மீட்டர் போயிருக்கும். எனவே திருப்பத்துக்கு 200 மீட்டர் முன்பே குரல் வர வேண்டும். திருப்பத்தில் வந்து கத்தினால் பிரேக்தான் பிடிப்பார்கள்.

அடுத்தது ஒதுங்குவது. "சிங்கிள்" என்ற குரலோடு ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டுங்கள். ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சலில் குரல் எல்லோருக்கும் எட்டாது. இடது பக்கம் ஓரத்தில் இருப்பவர் வேகத்தை மாற்றக்கூடாது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வலது பக்கம் இருப்பவர் மெல்லப் பின்வாங்கி, தன் ஜோடிக்குப் பின்னால் நுழைகிறார். இரண்டாவது ஜோடி அவருக்கு ஒரு சைக்கிள் இடம் விட்டு இளக வேண்டும். நுழைகிறவருக்குத் தன் இடது பின்பக்கம் சரியாகத் தெரியாது. அதனால் பின்ஜோடியில் இடது பக்கம் இருப்பவர் "உள்ளே வா" என்று சொன்ன பிறகுதான் நுழைய வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதைத் தமிழில்தான் சொல்கிறோம். சீன, மலாய் நண்பர்களும் "உள்ளே வா" என்றுதான் கத்துகிறார்கள்.

சிலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். வலது பக்கம் இருப்பவர் முன்னேறிப் போய் இடது பக்கம் இருப்பவருக்கு முன்னால் நுழைவது. வேண்டாம். ஒதுங்க வேண்டிய நேரத்தில் வேகத்தைக் கூட்டுகிற பழக்கம் நல்லதல்ல. எல்லோருக்கும் அதற்குக் காலில் தெம்பும் இருக்காது.

மறுபடி ஜோடி சேர அவசரம் வேண்டாம். இரண்டு தடம் வந்ததும் கடைசி ஆள் திரும்பிப் பார்த்து "கிளியர்" என்று சொன்ன பிறகு, முன்பு உள்ளே நுழைந்தவர்களே வெளியே வர வேண்டும். ஆளை மாற்றினால் குழப்பம். இரண்டு குழுக்களும் ஒன்று சேர வேண்டுமென்றால் ஓடிப் பிடிக்க வேண்டாம், அடுத்த சிவப்பு விளக்கில் தானாகச் சேர்ந்துவிடும்.

பக்கத்தில் இருப்பவரோடு

இருவரின் ஹேண்டில்பாரும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சிலருக்குப் பக்கத்தில் ஆள் வந்தாலே அரைச் சக்கரம் முன்னால் போகத் தோன்றும். மற்றவர் அதை எட்டிப் பிடிப்பார், இவர் இன்னும் அரைச் சக்கரம் போவார். பேசிக்கொண்டே இருவரும் 25லிருந்து 32க்குப் போயிருப்பார்கள், பின்னால் வருகிற ஆறு பேருக்கும் மூச்சு வாங்கும். ஜோடியில் மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான் ஜோடியின் வேகம். வேகமாக ஓட்ட ஆசை இருந்தால் தனியாக வாருங்கள், தப்பில்லை.

இருவரின் கைப்பிடிகளுக்கு நடுவே அரை மீட்டர் போதும். அதற்கு மேல் விலகினால் வலது பக்கம் இருப்பவர் தடக்கோட்டைத் தொட ஆரம்பிப்பார். இடது பக்கம் இருப்பவருக்கு ஓரத்து வடிகால் மூடிக் கம்பிகளைத் தவிர்க்க இடம் வேண்டும். எனவே குழி, கம்பி, கண்ணாடிச் சில் எதுவாக இருந்தாலும் இடது பக்கம் இருப்பவர்தான் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும், வலது பக்கம் இருப்பவர் இடம் விட வேண்டும். புதியவர்களை நான் எப்போதும் இடது பக்கம் வைப்பேன், பழகியவரை வலது பக்கம். போக்குவரத்தை ஒட்டி இருப்பவருக்குத்தான் பின்னால் வரும் சத்தத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்னால் இருப்பவரை மாற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பந்தயத்தில் பார்ப்பதுபோல முன்ஜோடி இரண்டு பக்கமும் விலகி, நடுவில் அடுத்த ஜோடியை முன்னால் விட்டால், சில நொடிகளுக்கு நாலு பேர் இணையாக ஓடுவீர்கள். ஒருவர் மட்டும் வலது பக்கம் விலகினாலும் மூன்று பேர். இரண்டுமே கூடாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் சிவப்பு விளக்குக்குப் பஞ்சமில்லை.

இதே காரணத்தால், ஜோடியாகப் போகும்போது இன்னொரு சைக்கிளை முந்துவதற்கு முன் ஒற்றை வரிசைக்கு வந்துவிடுங்கள். உணவு விநியோகம் செய்யும் மின்சைக்கிள்காரர் உங்களை வலது பக்கம் முந்தினாலும் அந்த நேரத்துக்கு மூன்று பேர் இணைந்துதான் தெரிவீர்கள். அவர் வயிற்றுப்பாட்டுக்காக ஓடுகிறார், நாம் பொழுதுபோக்குக்காக. ஒதுங்கி வழிவிட்டால் குறைந்துவிட மாட்டோம்.

எங்கே தானாகவே ஒற்றைக்கு வர வேண்டும்

சட்டம் ஜோடியை அனுமதிக்கும் இடத்திலும் நான் கலைத்துவிடும் இடங்கள் சில உண்டு. மண்டாய் சாலையில் விரைவுச்சாலைக்குள் நுழையும் வாய் வரும். இடது பக்கம் திரும்பி உள்ளே போக நினைக்கும் கார் உங்களை வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இருவர் அகலம் இருந்தால் அவருக்குக் கணக்குத் தப்பும். விரைவுச்சாலையிலும் சுரங்கச் சாலையிலும் சைக்கிளுக்கு அறவே அனுமதியில்லை, ஆகவே வழி தெரியாமல் அந்த வாய்க்குள் திரும்பிவிடவும் கூடாது. சாலை வேலை நடந்து ஒரு தடத்தை அடைத்திருந்தாலும் ஒற்றைதான். கொட்டும் மழையிலும் அப்படியே. உண்மையில் கொட்டும் மழையில் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நிற்பதே மேல்.

பஸ் நிறுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதில் பாசம் அதிகம். முன்னால் போகும் பஸ் இடது சிக்னல் போட்டால் அதற்கும் ஓரத்துக்கும் நடுவே புகுந்து போக நினைக்காதீர்கள். இறங்கும் பயணி உங்கள் மேல்தான் கால் வைப்பார். பின்னால் நில்லுங்கள். ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் எட்டுப் பேர் இருந்தால் அவர் பார்ப்பது முதல் இரண்டு பேரை மட்டும்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து வெளியே வரும்போது வழிவிடுங்கள். எட்டு சைக்கிளும் போகட்டும் என்று அவர் காத்திருந்தால் பின்னால் இருக்கும் 80 பேருக்குத் தாமதம்.

விளக்கு பாதியில் மாறினால் கூட்டம் அறுந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவர்கள் சிவப்பைத் தாண்டக்கூடாது. முன்னால் போனவர்கள் சாலை ஓரத்தில் நின்று காத்திருக்கவும் கூடாது. மெதுவாகப் போங்கள், அல்லது நடைபாதை அகலமாக இருக்கும் இடத்தில் இறங்கி நில்லுங்கள். அறுந்த இரண்டு துண்டும் அதுவரை இரண்டு குழுக்கள். நடுவே 30 மீட்டர்.

வேறு கூட்டம் வந்து ஒட்டிக்கொண்டால்? ஞாயிற்றுக்கிழமைகளில் இது அடிக்கடி நடக்கும். பின்னால் நாலு பேர் காற்று மறைவுக்கு வந்து ஒட்டுவார்கள். அவர்களை நமக்குத் தெரியாது. சாலையோரத்தில் நிற்கும் அதிகாரிக்கு அது ஒரே நீளமான கூட்டமாகத்தான் தெரியும். கோபப்படாமல் கையைக் காட்டி முன்னால் போகச் சொல்லுங்கள். போகவில்லையென்றால் நாம் வேகத்தைக் குறைத்தால் அவர்களே போய்விடுவார்கள்.

கார் ஹார்ன் அடித்தால் பதிலுக்குக் கையை ஆட்ட வேண்டாம். கடைசி ஆள் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தாலே பாதி ஓட்டுநர்கள் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேரை நம்மால் திருத்த முடியாது.

பூங்கா இணைப்புப் பாதையில்

சாலையில் ஜோடியாகப் போகலாம் என்பதால் சைக்கிள் பாதையிலும் அப்படிப் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிறு காலை நாலு வயதுப் பிள்ளை ஒன்று மூன்று சக்கர வண்டியில் குறுக்கே வரும், அதன் தாத்தா அந்தப் பக்கம் நடப்பார். சைக்கிள் பாதையில் வேக வரம்பு 25, நடைபாதையில் 10. அங்கே ஒற்றை வரிசையில் மெதுவாகப் போங்கள். அரட்டை அடிக்க வேண்டுமென்றால் பாதைக்கு வெளியே நிறுத்திவிட்டு அடியுங்கள்.

கிளம்புவதற்கு முன்

ஹெல்மெட் இல்லாமல் வந்தவரை நான் கூட்டிப் போக மாட்டேன். 2019 பிப்ரவரி முதல் சாலையில் அது கட்டாயம். விளக்கு மாலை 7 முதல் காலை 7 வரை எரிய வேண்டும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இந்த ஊரில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும், ஆறு மணிக்குக் கிளம்புகிறவர்கள் விளக்கை மறக்க முடியாது. பின்விளக்கை மின்னவிடாமல் நிலையாக எரியவிடுங்கள். எட்டுச் சிவப்பு விளக்கு எட்டு விதமாக மின்னினால் பின்னால் வருபவருக்குத் தூரமே பிடிபடாது. அப்புறம் பிரேக். பிரேக் இல்லாத ஃபிக்ஸி வண்டியோடு (பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுழலும் ஒரே கியர் சைக்கிள்) வருகிற பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

யார் முன்னால், யார் கடைசி, எங்கே பிரிகிறோம், எங்கே ஒதுங்குகிறோம் என்பதை நிற்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். கடைசி ஆள் அனுபவசாலியாக இருக்கட்டும். குழுவின் கண் அவர்தான். முன்னால் இருப்பவருக்கு வழி தெரிந்தால் போதும். சவாரி முடிந்து கடைக்குப் போனதும் சைக்கிள்களை ஐந்தடி வழியில், அதாவது கடை வாசல் நடைவழியில், சாய்த்து அடைத்துவிடாதீர்கள். பக்கத்தில் ரேக் இருக்கும், இல்லையென்றால் ஒருவர் வண்டிகளோடு நிற்கட்டும், மற்றவர்கள் முதலில் சாப்பிட்டு வந்து அவரை அனுப்பலாம். அவருக்கு முட்டை புரோட்டா கூட்டத்தின் செலவு.